ஊர்த் திட்டமும் ஊரவர் குரலும் – மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

'மக்கள் பங்கேற்பு' என்னும் தொடர் இன்று திட்டமிடல் பற்றிய எவ்வகை எழுத்திலும் தவறாது இடம்பெறுவதொன்றாகிவிட்டது. அரசாங்க அறிக்கைகளும் அரசசார்பற்ற நிறுவனங்களின் வெளியீடுகளும் வெளிநாட்டு உதவி ஒப்பந்தங்களும் ஒருமுகமாக அதனை உச்சரிக்கின்றன. ஒரு சொல் எல்லோராலும் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளப்படுமிடத்து, அச்சொல் தன் கூர்மையை இழந்துவிட்டதோ என ஐயுறுவது ஆய்வு நோக்குடையோர் கடமையாகும். ஊரவரைக் கூட்டி, வரைந்து முடித்த படமொன்றைச் சுவரில் மாட்டிக் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையொப்பம் பெறுவதும் பங்கேற்பெனப்படுகின்றது. ஊரவரே தம் ஊரின் அடுத்த முப்பதாண்டுகளைத் தீர்மானிப்பதும் அப்பெயரே பெறுகின்றது. ஒன்றற்கொன்று முரணான இவ்விரண்டும் ஒரே பெயரால் வழங்கப்படுவதனால் நன்மையடைவோர் யார், இழப்படைவோர் யார் என்ற வினாவை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் அநுபவங்களைக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

மேலைநாட்டுத் திட்டமிடல் எழுத்துக்களில் இவ்வினா 1969ஆம் ஆண்டிலேயே எழுப்பப்பட்டுவிட்டது. அமெரிக்க அறிஞரான ஷெரி ஆர்ன்ஸ்ரைன் பங்கேற்பினை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக உருவகித்தார். கீழ்ப் படிகளில் மக்களை வசப்படுத்துதலும், நடுப் படிகளில் அறிவித்தலும் கருத்துக் கேட்டலும், மேற்படிகளில் அதிகாரத்தைப் பகிர்தலும் அமைந்தன. அவர் கூற்றின் சாரம் எளிதானது: தீர்மானிக்கும் அதிகாரத்தில் பங்கில்லாத பங்கேற்பு வெறுஞ் சடங்காகும். எனினும் அவ்வேணியை அப்படியே பெயர்த்து நம் வாவிக்கரையில் நிறுத்திவிட இயலாது. இங்கு 'மக்கள்' எனப்படுவோர் யார், 'வீடு' எனப்படுவது யாது, 'நீண்டகாலம்' என்பது எத்துணை என்பனவற்றுக்கு இம்மண்ணுக்கேயுரிய விடைகள் உள்ளன.

வாவியும் அதன் இருகரைகளும்

வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரமாகக் கிடக்கும் மட்டக்களப்பு வாவி, அப்பிரதேசத்தின் வாழ்வை இரண்டாக வகுத்துள்ளது. சூரியன் உதிக்கும் கடற்புறம் எழுவான்கரை. மறையும் புறம் படுவான்கரை. எழுவான்கரையின் ஒடுங்கிய மணற்றிட்டிலே நகரும் கடைத்தெருக்களும் பாடசாலைகளும் மீனவர் குடியிருப்புக்களும் நெருங்கியிருக்க, படுவான்கரையிலே வயல்வெளிகளும் குளங்களும் பரந்து கிடக்கின்றன. நகரின் மையமான புளியந்தீவு பெயருக்கேற்பத் தீவே. பாலங்களே இங்கு ஊரை ஊராக்குவன. 1924இல் அமைக்கப்பட்ட கல்லடிப் பாலத்துக்கு அருகே 2013இலும், தோணித்துறையாக நெடுங்காலம் இருந்த மண்முனையில் 2014இலும் புதிய பாலங்கள் திறக்கப்பட்டமை பல்லாயிரவரின் அன்றாடப் பயணத்தை மாற்றியமைத்தது.

இத்தகைய நிலவமைப்பிலே 'அயல்' என்பதனை ஒரு வீதியாலோ வட்டாரத்தின் எல்லைக்கோட்டாலோ வரையறுத்தல் கடினம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படுமிடத்து வவுணதீவுப் பகுதியின் வீதிகள் நீரில் மூழ்குகின்றன; அந்நீர் வாவியை நிரப்ப, நகரின் தாழ்ந்த ஒழுங்கைகளிலும் வீடுகளுக்குள்ளும் நீர் ஏறுகின்றது. ஓர் ஒழுங்கையின் வடிகாலைப் பற்றிப் பேசுவோர் முப்பது கிலோமீற்றர் அப்பாலுள்ள குளத்தைப் பற்றியும் பேசியே தீரவேண்டும். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும், 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையும், 2011 ஜனவரிப் பெருவெள்ளமும் இப்பிரதேசத்தை அடுத்தடுத்துத் தாக்கியுள்ளன. இடையே மூன்று தசாப்தங்கள் நீடித்த யுத்தம் வேறு. ஆகவே நீண்டகாலத் திட்டம் என்பது இங்கு அழகுணர்ச்சி பற்றிய விடயமன்று. உயிர் பற்றிய விடயமாகும்.

கூடித் தீர்மானித்தல்: பழைய மரபும் அதன் குறையும்

மக்கள் கூடித் தம் பொதுக் காரியங்களைத் தீர்மானிப்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. பெரும்போகம், சிறுபோகம் தொடங்குமுன் கமக்காரர் ஒன்றுகூடி, எந்த வட்டையில் எவ்வளவு நிலம் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது, வேலி அடைப்பதற்கும் வாய்க்கால் வெட்டுவதற்கும் இறுதித் திகதி எது என்பனவற்றை முடிவுசெய்வர். அம்முடிவை நிறைவேற்றுதற்கு வட்டவிதானை பொறுப்பாயிருந்தார். ஆள்பதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856இல் இயற்றப்பட்ட நீர்ப்பாசனச் சட்டம் இவ்வழக்காறுகளுக்குச் சட்ட வலு அளித்தது. கூட்டத்திற் பெரும்பான்மையோர் எடுக்கும் முடிவு வராதவரையும் கட்டுப்படுத்தும் என்பது அதன் அடிப்படை. கோயில் நிருவாகத்திலும் இதனையொத்த ஒழுங்கைக் காணலாம். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீசுவரர் ஆலயம் போன்றவற்றிலே குடிகளின் சார்பில் வண்ணக்கர்மார் பொறுப்பேற்பதும், திருவிழாக்கள் குடிவாரியாகப் பகிரப்படுவதும் இன்றும் அறியப்பட்ட செய்திகளாகும்.

எனினும் இம்மரபினைப் பொற்காலமாகக் கண்டு போற்றுவது ஆய்வு நெறியாகாது. 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூட்டத்திலே குரல் இருந்தது நிலவுடைமையாளருக்கே. அந்நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவனுக்கும் கூலிக்கு உழைத்தவனுக்கும் அங்கு இடமிருக்கவில்லை. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்கி, உண்மையில் நிலத்தில் உழைப்போருக்கு அவற்றில் இடமளிக்க முனைந்தமை இக்குறையை உணர்ந்ததன் விளைவேயாகும். கோயிற் குடிமுறையிலும் சாதியின் படிநிலை தெளிவாகவே உள்ளது. பெண்களோ இவ்விரு அவைகளிலும் பெரும்பாலும் பேசாதவர்களாகவே இருந்தனர். ஆகவே பழைய மரபிலிருந்து நாம் பெறத்தக்கது அதன் உறுப்பினர் பட்டியலையன்று. அதன் மூன்று இயல்புகளையே. அக்கூட்டம் வேலை தொடங்குமுன் கூடியது. குறித்த காலந்தோறும் மீண்டும் கூடியது. அதன் முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தியது. இன்றைய 'பங்கேற்பு'க் கூட்டங்கள் பலவற்றில் இம்மூன்றுமே இல்லையென்பது கவனிக்கத்தக்கது.

சட்டத்தின் பார்வையில் ஊரவர்

நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளுள் ஒருவரான பற்றிக் கெடிஸ் 1914, 1915ஆம் ஆண்டுகளிற் சென்னை மாகாணத்தின் நகரங்களை ஆராய்ந்தார். 1921இற் கொழும்பு நகருக்கான பூர்வாங்க அறிக்கையையும் அளித்தார். வைத்தியன் நோயை அறிந்த பின்னரே மருந்தைத் தெரிவதுபோல, ஊரை நடந்து பார்த்து அறிந்த பின்னரே திட்டம் வரையப்படவேண்டும் என்பதும், பழைய தெருக்களை இடித்துத் தள்ளாது இயன்றவரை பேணிச் சீர்செய்ய வேண்டும் என்பதும் அவர் கொள்கைகள். அக்கொள்கையின் உயிர்நாடி நம் சட்டங்களுக்குள் முழுமையாகப் புகவில்லை.

1946ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், 1982இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் நம் நகரங்களின் திட்டமிடலுக்கு அடிப்படையாயின. இவற்றின்கீழ் வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதும், ஆட்சேபணைகள் கோரப்படுவதும் உண்மையே. ஆனால் 'ஆட்சேபணை' என்னும் சொல்லே நிலைமையைப் புலப்படுத்திவிடுகின்றது. வரைபவர் ஒருவர், ஆட்சேபிப்பவர் மற்றொருவர். ஊரவர் திட்டத்தின் ஆசிரியராகவன்றி அதன் வழக்காளியாகவே கருதப்படுகின்றனர். நிலவளைய வரைபடத்தை வாசிக்கவும், உரிய மொழியில் எழுத்துமூலம் முறையிடவும், அலுவலக நேரத்திற் கூலியை இழந்து வரவும் வல்லவரே அவ்வழக்கினைத் தொடுக்க முடியும். நடைமுறையிலே காணி உடையோரும் கற்றோரும் ஆட்சேபிப்பர். தோணியோட்டியும் கருவாடு விற்பவளும் வாடகை வீட்டில் குடியிருப்போரும் திட்டம் நிறைவேறத் தொடங்கிய பின்னரே அதனை அறிவர். மட்டக்களப்பின் கச்சேரி நெடுங்காலம் ஒல்லாந்தர் கோட்டையின் மதில்களுக்குள்ளேயே இயங்கிவந்தமை இவ்வகையில் ஒரு குறியீடாகவும் தோன்றுகின்றது.

ஆழிப்பேரலையின் பின்னர்

இக்குறைபாட்டின் முழுப் பரிமாணத்தையும் 2004ஆம் ஆண்டின் பேரழிவு வெளிப்படுத்தியது. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 2,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலத்துண்டாயமைந்த நாவலடி, கல்லடியை அண்டிய திருச்செந்தூர் முதலிய கரையோரக் குடியிருப்புக்கள் பெரிதும் அழிந்தன. 2005இன் தொடக்கத்தில், கரையிலிருந்து குறித்த தூரத்துக்கு வீடு கட்டலாகாதெனும் பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அத்தூரம் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கரையோர மக்களுடன் கலந்து பேசி எடுக்கப்பட்ட முடிவன்று அது. ஓராண்டு கழியுமுன்னரே அவ்விதி தளர்த்தப்பட வேண்டியதாயிற்று. அதற்கிடையில் எத்தனையோ குடும்பங்களின் வருங்காலம் அக்கோட்டைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

வலயத்துக்கு வெளியே வீடிழந்தோர், முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதியாகச் சேதமடைந்த வீட்டுக்கு 100,000 ரூபாவும் கட்டங்கட்டமாகப் பெற்றுத் தம் பழைய காணியிலேயே தாமே வீடு கட்டினர். வலயத்தின் உள்ளே இருந்தோருக்கோ அரசு வேறிடத்தில் நிலம் வழங்க, உதவி நிறுவனங்கள் வீடு கட்டிக் கொடுத்தன. முதல் வகையினர் தம் வீட்டைத் தாமே திட்டமிட்டனர். இரண்டாம் வகையினருக்காகப் பிறர் திட்டமிட்டனர். நாவலடி மக்களுட் பலர் குடியமர்த்தப்பட்ட திராய்மடு இவ்விரண்டாம் வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பெயரே சுட்டுவதுபோல அது மடு சார்ந்த தாழ்நிலம். மாரியில் நீர் தேங்குமிடம். கடலால் வீடிழந்தோர் வெள்ளத்தை எதிர்நோக்கும் நிலைக்காளாயினர். கடற்றொழிலாளருக்கு வீடு ஓரிடத்திலும் தொழில் பிறிதோரிடத்திலுமாயிற்று. கரையில் வள்ளத்தையும் வலையையும் காத்திருப்பது, அதிகாலையிற் கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்துத் தொழிலுக்குப் போவதா இல்லையா என முடிவுசெய்வது, மீன் கரைக்கு வந்ததும் பெண்கள் அதனைத் தரம்பிரித்து விற்பது அல்லது உலர்த்துவது என்பனவெல்லாம் வீட்டுக்கும் கரைக்கும் உள்ள அண்மையிலேயே தங்கியுள்ளன. இதனை அறிய நிபுணர் குழு எதுவும் வேண்டியதில்லை. கேட்டிருந்தால் எந்த மீனவப் பெண்ணும் கூறியிருப்பாள்.

வீடு என்பது யாருடையது?

இடத் தெரிவிலும் ஆழமான பிழையொன்று வீட்டின் உரிமையிலே நிகழ்ந்தது. மட்டக்களப்புப் பிரதேசத்திலே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்வழிச் சொத்து. மகளின் திருமணத்துக்குப் பெற்றோர் அளிக்கும் சீதனத்தின் தலையாய கூறு வீடே. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோரும் இளைய பிள்ளைகளும் அதே வளவில் அல்லது அருகில் வேறொரு வீடு கட்டிக்கொண்டு பெயர்வர். அடுத்த மகளின் முறை வரும்போது அதனையும் கொடுப்பர். இவ்வாறு தாயும் பெண்மக்களும் சகோதரியரும் அடுத்தடுத்த வேலிகளுக்குள் வாழும் அயல் உருவாகின்றது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையினை விரிவாக ஆராய்ந்துள்ளார். மகள் பிறந்த நாளிலிருந்தே பெற்றோர் சிறுகச் சிறுகச் சேமித்துக் கல்லும் மரமும் சேர்க்கும் இவ்வழக்கத்தினை நோக்குமிடத்து, நீண்டகாலத் திட்டமிடல் என்பது இப்பிரதேசத்தின் ஒவ்வொரு வளவிலும் ஏற்கெனவே நடைபெற்று வருகின்றது எனலாம். இருபதாண்டு, முப்பதாண்டு எல்லையை உடைய அத்திட்டம் எந்த அலுவலகத்திலும் பதியப்படுவதில்லை, அவ்வளவே.

2005இன் பின்னர் வந்த மீள்குடியேற்றம் இதனைக் கருத்திற் கொள்ளவில்லை. 'குடும்பத் தலைவர்' என்னும் நிருவாகக் கருத்தாக்கத்தினடியாகப் பல இடங்களில் வீடும் காணியும் ஆணின் பெயருக்கு எழுதப்பட்டன. அரச காணிகளை வழங்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின்னுரிமை ஒழுங்கு ஆண் வாரிசுக்கு முதன்மையளித்தது. அதனைச் சமப்படுத்தும் திருத்தம் 2022இலேயே வந்தது. தாயின் பெயரிலிருந்த வீட்டைக் கடல் கொண்டது; தந்தையின் பெயருக்குப் புதிய வீடு வந்தது. கணவன் கைவிட்டாலும் வீடு தன்னுடையது என்றிருந்த பெண்ணின் பாதுகாப்பு ஓர் உறுதிப் பத்திரத்தாற் பறிபோயிற்று. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புக்கள் அக்காலத்திலேயே இதனை எதிர்த்துக் குரலெழுப்பின என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு துண்டு, அதில் ஒரு வீடு என்ற கணக்கிலே மகளுக்கான அடுத்த வீட்டுக்கு நிலமில்லை. மூன்று பெண்பிள்ளைகளை உடைய தாய்க்கு அக்குடியேற்றம் தங்குமிடத்தை அளித்தது, எதிர்காலத்தை அளிக்கவில்லை.

திட்டமிட்டவர்கள் தீயவர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்களுட் பலர் இரவு பகலாக உழைத்தவர்கள். ஆனால் அவர்களுடைய படிவத்திலே 'இவ்வீடு யாருக்கு எழுதப்பட்டிருந்தது? அடுத்து யாருக்கு எழுதப்படும்?' என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை. பங்கேற்பு என்பது விடைகளைச் சேகரிப்பதன்று. எந்தக் கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையே என்பதனை இவ்வொரு நிகழ்ச்சியே நிறுவப் போதுமானது.

எழக்கூடிய மறுப்புக்கள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புக்கள் கூறப்படலாம். முதலாவது, அவசரம். கூடாரங்களிற் பல்லாயிரவர் வாடுகையில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருக்க முடியுமா என்பது நியாயமான வினாவே. ஆனால் அவசரத்திற் செய்யப்பட்ட வலய அறிவிப்பு தளர்த்தப்படுவதற்கும், பொருந்தாத இடங்களில் நிலம் நிரப்புவதற்கும், கட்டிய வீடுகளைத் திருத்துவதற்கும் செலவான காலத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். தம் காணியிலே தாமே கட்டியோர் பொதுவாக முன்னதாகவே குடிபுகுந்ததும் கூடிய மனநிறைவு கண்டதும் அக்கால அநுபவமாகும். தற்காலிகக் கொட்டகைக்கும் நிரந்தர வீட்டுக்கும் வேறுபாடு உண்டு. முன்னதை விரைந்து செய்யலாம். பின்னதைக் கேட்டே செய்ய வேண்டும்.

இரண்டாவது, நிபுணத்துவம். வெள்ளநீரின் போக்கையும் கடலரிப்பின் வேகத்தையும் ஊரவர் கணிக்கமாட்டார் என்பர். ஒருபாதி உண்மை. ஆனால் எந்தெந்த ஒழுங்கையில் எத்தனை அடிக்கு நீர் ஏறியது, அது வடிய எத்தனை நாள் எடுத்தது என்பதை அங்கு வாழ்ந்தோரைவிட நன்கறிந்தோர் எவர்? அளவைக்கருவியின் அறிவும் வாசற்படியின் அறிவும் ஒன்றையொன்று திருத்தவல்லன.

மூன்றாவது மறுப்பே வலியது: மக்கள் தம் உடனடி நன்மையையே நாடுவர், வாவியை நிரப்பி வீடு கட்டுவோரும் கண்டற் காடுகளை வெட்டுவோரும் கழிவுகளை வாவியிற் கொட்டுவோரும் அம்மக்களே அல்லவா என்பது அது. இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரவர் ஏன் அவ்வாறு நடக்கின்றனர் என நோக்குதல் வேண்டும். நாளை இந்நிலம் தமதாகவே இருக்கும் என்ற உறுதியற்றோர், பலமுறை இடம்பெயர்ந்தோர், தம் சொல்லுக்கு மதிப்புண்டு என ஒருபோதும் கண்டிராதோர் நெடுநோக்குடன் நடக்க வேண்டுமென எதிர்பார்ப்பது எங்ஙனம்? பொறுப்புணர்ச்சி அதிகாரத்துக்கு முன்னிபந்தனையன்று. பெரும்பாலும் அது அதிகாரத்தின் விளைவேயாகும்.

கல்லோயாவும் பிற முன்னுதாரணங்களும்

இது வெறும் ஊகமன்று என்பதற்கு அண்மையிலேயே சான்றுண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அக்காலத்து மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியை மாற்றியமைத்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மேலிருந்து கீழாகத் திட்டமிடப்பட்ட அக்குடியேற்றத்திலே, மூன்று தசாப்தங்களின் பின்னர் வாய்க்கால்கள் தூர்ந்தும் கதவுகள் உடைந்தும், கடைக்கோடி வயல்களுக்கு நீர் எட்டாமலும் போயிற்று. கமக்காரர் ஒத்துழைக்காதவர்கள் என்பதே அலுவலர்களின் பொதுவான கருத்தாக இருந்தது. 1981இல் விவசாய ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, வாய்க்கால் திருத்த வேலையுடன் இளம் அமைப்பாளர்களையும் அங்கு அனுப்பின. இவர்கள் திட்டத்தைக் கொண்டு செல்லவில்லை. ஊரிலே தங்கி, ஒவ்வொரு வயல் வாய்க்காலிலும் கமக்காரரைச் சிறு குழுக்களாகச் சந்தித்து, அவர்களே தம் சிக்கல்களை வரிசைப்படுத்தவும் தம் பிரதிநிதியைத் தெரியவும் துணைநின்றனர். சில வாரங்களிலேயே, நீர் அரிதாயிருந்த அப்பருவத்திலும், தலைப்பகுதிக் கமக்காரர் முறைவைத்து நீரைச் சேமித்துக் கடைக்கோடிக்கு அனுப்பத் தொடங்கினர். இதனை நேரிற் கண்ட நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலிலே இவ்வநுபவத்தை விரித்துரைத்துள்ளார். மக்கள் மாறிவிடவில்லை, அவர்களை அணுகிய முறையே மாறியது.

1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டமும் கொழும்பின் சேரிப்பகுதிகளிலே சமுதாய அபிவிருத்திச் சபைகளின் மூலம் குடியிருப்போரே ஒழுங்கைகளையும் காணித் துண்டுகளையும் வகுத்துக்கொள்ள வழிசெய்தது. அது அக்கால அரசியற் பிரசாரத்துக்கும் பயன்பட்டது என்பது வேறு. அதன் வழிமுறை கற்கத்தக்கதே. 1996இற் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கம் மேலும் ஒருபடி சென்றது. திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம் வரை உள்ளூராட்சி அமைப்புக்களின் பொறுப்பில் விடப்பட்டு, கிராம சபைகளில் தேவைகள் விவாதிக்கப்பட்டன. பணத்தோடு வந்தமையாலேயே அங்கு பேச்சுக்குப் பெறுமதி உண்டாயிற்று. கொடுப்பதற்கு எதுவுமில்லாத சபையிற் கூடுவதற்கு மக்கள் நெடுநாள் வரமாட்டார்கள்.

முகத்துவாரம் வெட்டுதல்: இணக்கமா, நீதியா?

எனினும் பங்கேற்பு என்றவுடன் ஊரவர் அனைவரும் ஒருகுரலாகப் பேசுவர் எனக் கற்பனை செய்தலாகாது. இதற்கு முகத்துவாரத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டில்லை. பாலமீன்மடுவை அண்டிய முகத்துவாரத்தில் மணற்றிட்டு வாவியின் வாயை அடைத்துக் கொள்ளும். மாரியில் வெள்ளம் பெருகும்போது அதனை வெட்டிவிட்டால் நீர் கடலுக்கு வடியும். வயல்கள் மூழ்கும் படுவான்கரைக் கமக்காரனும், வீட்டுக்குள் நீர் புகுந்த நகரவாசியும் உடனே வெட்டுக என்பர். வாவி மீனவனோ நீர்மட்டம் சட்டென வீழ்வதையும் உவர்நீர் ஏறுவதையும் மீனும் இறாலும் கடலுக்குப் போவதையும் எண்ணிப் பொறுத்திருக்க வேண்டுவான். இருவருடைய நியாயமும் நியாயமே. இவர்களை ஒரே மண்டபத்தில் அமர்த்திக் கைதட்டி முடிக்கும் கூட்டத்தால் எப்பயனும் இல்லை.

வேண்டப்படுவது முன்னரே இணங்கிய விதியாகும். எந்த நீர்மட்டத்தில் வெட்டுவது, யார் அளந்து சொல்வது, நட்டமடைவோருக்கு யார் எவ்வாறு ஈடுசெய்வது என்பன வெள்ளம் வருமுன், வரட்சிக் காலத்திலே, இரு சாராரும் கூடித் தீர்மானித்து எழுதிவைக்க வேண்டியவை. எழுவான்கரையிலே அடுத்தடுத்துள்ள தமிழ், முஸ்லிம் ஊர்களின் எல்லைகள், காணி, குப்பை கொட்டுமிடம் பற்றிய பிணக்குகளுக்கும் இது பொருந்தும். காத்தான்குடியைப் போன்று நாட்டின் மிக நெருக்கமான குடித்தொகையுடைய நகரும், அதன் அயலூர்களும் தத்தமக்கெனத் தனித்தனியே வரையும் திட்டங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளவே செய்யும். இணக்கம் கிடைக்காதவிடத்து மாற்றுக் கருத்தையும் அதன் காரணத்தையும் திட்டத்திலேயே பதிவுசெய்தல் வேண்டும். எதிர்த்தோரின் பெயர் அழிக்கப்பட்ட திட்டத்தைவிட, எதிர்ப்பைத் தாங்கிய திட்டமே நெடுங்காலம் நிலைக்கும்.

முடிவாக

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளை வருவிக்கலாம். நீண்டகால ஊர்த்திட்டம் வரைபடத்திலன்று, வளவிலும் வாய்க்காலிலும் துறையிலும் தொடங்க வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என ஏற்கெனவே உள்ள அமைப்புக்கள் அதற்கு வாயிலாகலாம். ஆனால் அவற்றில் இடம்பெறாதோரைத் தேடிச் சென்று கேட்பது தனிக் கடமையாகக் கொள்ளப்பட வேண்டும். வீட்டின் உரிமையாளர் யார் என்பதைப் பெண்களிடமே கேட்டறிதல் வேண்டும். திட்டம் மக்கள் பேசும் மொழியிலே, அவர்கள் வாசிக்கக்கூடிய படங்களுடன் வெளியிடப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதனைக் கோரும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. போகத்துக்குப் போகம் கூடிய கமக்காரரைப் போல, ஆண்டுதோறும் கூடிச் செய்ததையும் செய்யாததையும் கணக்குப் பார்த்தல் வேண்டும்.

உள்ளூராட்சி மன்றங்களே இதற்கு இயல்பான களமாகும். ஆனால் 2023 மார்ச்சில் அவற்றின் காலம் முடிவுற்றபின், 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களின்றியே அவை இயங்கின. இரண்டு ஆண்டுகள் சபையே இல்லாதிருந்த நாட்டில் முப்பதாண்டுத் திட்டத்தைச் சபையிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. சபை கலைந்தாலும் கலையாத வட்டார அமைப்பொன்று அதனைத் தாங்கிநிற்றல் அவசியம்.

இப்பணியில் பல்கலைக்கழகத்தாருக்கும் பங்குண்டு. வந்தாறுமூலையிலும் பேராதனையிலும் பிறவிடங்களிலும் சமூகவியலும் புவியியலும் பொருளியலும் பயிலும் நாம், ஆண்டுதோறும் ஆய்வுக் கட்டுரைகளுக்காக இம்மக்களிடம் வினாக்கொத்துக்களை நீட்டுகின்றோம். விடைகளைப் பெற்று வருகின்றோம். அவை நூலகங்களில் அடுக்கப்படுகின்றன. அவ்விடைகள் தந்தவர்களிடமே திரும்பிச் செல்லும் நிலையை உருவாக்குதல் நமக்கு இயலாததன்று. ஓர் ஊரின் வெள்ளமட்டங்களை ஒழுங்கைவாரியாகப் பதிந்து அவ்வூர்ச் சங்கத்திடமே கையளிக்கும் ஒரு மாணவன் பங்கேற்புப் பற்றிய பத்து விரிவுரைகளுக்கு ஒப்பானதைச் செய்தவனாவான். திராய்மடுவில் வீடு பெற்ற குடும்பங்களின் அன்றைய சிறுமியர் இன்று திருமண வயதை எய்திவிட்டனர். அவர்களுக்கான வீடு எங்கே என்ற வினா இனித் தாய்மாருக்கு மட்டும் உரியதன்று. திட்டமிடுவோரும் திட்டமிடலை விமர்சிப்போரும் விடை கூற வேண்டிய வினாவும் அதுவேயாகும்.